பேரு தைக்காத நீலத்துணி

பேயி, பிசாசு, புதுமைன்னு யாராச்சும் பேச்செடுத்தா, தம்பி, நான் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவேன். அம்புட்டுத்தான் எனக்கும் அதுக்கும். ஏன்னா நான் பாத்த தொழில் அப்புடி. நாப்பது வருசத்துக்கு மேல பேண்டு செட்டுல பெரிய டிரம் அடிச்சவன் நான். கல்யாணம், திருநாள் எல்லாம் உண்டு, ஆனா சோறு போட்டது சாவுதான். அரிமளம் பக்கம் ஒரு சாவுக்குப் போயி, அடக்கம் முடிஞ்சு பஸ்சு இல்லாம, கல்லறை மதிலோரமே டிரம்ம தலைக்கு வச்சுப் படுத்துத் தூங்கிருக்கேன். ஒரு பேயாச்சும் வந்து, ஏன்டா இம்புட்டுச் சத்தமா அடிச்சன்னு கேட்டதில்ல.

கோயிலுக்குப் போவேன். நாங்க வேதக்காரவுக, எங்க ஊரு ஆவூருக்கு அங்கிட்டு இருக்குற சின்ன ஊரு, மாதா கோயில் ஒண்ணு இருக்கு. சாமி கும்புடுறது வேற, கதை நம்புறது வேற. இது எம்பொண்டாட்டி லூர்து அடிக்கடி சண்டைக்கு இழுக்குற விசயம். "நீ கோயிலுக்கு வாரதே மேளம் அடிக்கத்தான்யா"ன்னு சொல்லுவா. பாதி உண்மைதான்.

இப்ப நான் சொல்லப்போறத நீங்க நம்பணும்னு இல்ல. நானா இருந்தா நம்ப மாட்டேன்.

போன மழைக்கு முன்னாடி லூர்து குழாயடியில பாசி வழுக்கி விழுந்துட்டா. இடுப்பெலும்பு. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோயி ஆபரேசன் பண்ணி உள்ள கம்பி வச்சு அனுப்புனாங்க. மகன் திருப்பூர்ல இருந்து வந்து, கூட இருந்து பாத்துட்டுப் போனான். வீட்டுக்கு அனுப்பையில அந்த டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னுச்சு, "எலும்பெல்லாம் நல்லாச் சேர்ந்துருச்சுங்க அய்யா, இனிமே நடக்க வைக்கிறது ஒங்க பொறுப்பு. படுக்கையிலயே விட்டீங்கன்னா நெஞ்சுல சளி கட்டிக்கிரும், அப்புறம் எந்திரிக்கவே மாட்டாங்க, எங்ககிட்ட கொண்டாந்தும் பிரயோசனம் இல்ல"ன்னு.

ஆனா லூர்து காலைக் கீழ வைக்க மாட்டேன்னுட்டா. ஆஸ்பத்திரியில மொதத் தடவ நிக்க வச்சப்ப கண்ணைக் கட்டி விழப்போயிருக்கா, அந்தப் பயம். நானும் கெஞ்சிப் பாத்தேன், திட்டிப் பாத்தேன், தூக்கி நிறுத்தப் பாத்தேன். என் கையக் கடிச்சுப்புட்டா தம்பி, நெசமா, இந்தா இங்க. நாலு காலு வச்ச வாக்கரு ஒண்ணு வாங்கியாந்தது கட்டில் பக்கத்துல சும்மாவே நின்னுச்சு. கடைசியில நான் அதுல என் துண்டைக் காயப்போட ஆரம்பிச்சுட்டேன். அவ செவரு பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. எத்தனையோ பேரு சவப்பொட்டிக்கு முன்னால மேளம் அடிச்சுப் போயிருக்கேன், இவளுக்கு முன்னால நடந்து போற தெம்பு எனக்கு இல்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு.

அப்பத்தான் மாதா சபைப் பொம்பளைக அந்தப் போர்வையக் கொண்டாந்தாங்க. லூர்தும் அந்த சபையில இருக்கவதான், எளவயசுல இருந்து. சபைக்குத் தலைவி பிலோமினா டீச்சர், ரிட்டயர் ஆயிருச்சு, இருந்தாலும் இன்னும் ஊரையே கிளாஸ் எடுக்கும். அதோட மக வெளிநாட்டுல இருக்கு. அங்கிட்டு எல்லாம் கோயில் பொம்பளைக சேந்து, ஆளுக்கு ஒரு துண்டுத் துணியில தன் பேரைத் தச்சு, எல்லாத்தையும் ஒட்டிப் போர்வையாக்கி, சீக்கா இருக்கவுகளுக்குக் குடுப்பாங்களாம். போன்ல காமிச்சிருக்கு. டீச்சருக்குப் புடிச்சுப்போச்சு. நம்ம லூர்துக்குச் செய்வோம்னு கெளம்பிருச்சு. ஆளுக்கொரு துண்டு, கடையில வாங்குன துணி கூடாது, அவுகவுக கட்டிக் கழிச்ச சேலையில இருந்துதான் வெட்டணும், பேரைத் தன் கையால தைக்கணும், பேரெழுத வராதவுக சிலுவை தைக்கணும். உள்ளுக்குப் பழஞ்சேலையா மடிச்சு வச்சுத் தச்சதால போர்வை நல்ல கனம்.

ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு மொத்தப் பேரும் வந்து வீட்டை அடைச்சுக்கிட்டு நின்னாங்க. டீச்சர் போர்வைய விரிச்சு ஒவ்வொரு பேரா வாசிக்க ஆரம்பிச்சுச்சு. எனக்கு எழுத்து தெரியாது. ஆனா டீச்சர் வாய் தெறக்குறதுக்குள்ள நான் சொல்லிட்டேன், "இந்த மஞ்சக் கட்டம் ரோசாலி. மக சடங்குக்குக் கட்டுனது. இந்தப் பச்சைப் பூ தெரசம்மா. இந்தா, இந்த மெரூன் நம்ம டீச்சரு, பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவுக்கு வருசா வருசம் இதான்."

பொம்பளைக சிரிச்ச சிரிப்புல ஓடு பறந்துரும்போல ஆயிருச்சு. செவரு பக்கம் திரும்பிக் கெடந்த லூர்து மெதுவாத் தலையத் திருப்புனா.

"ஏன்யா, ஊருப் பொம்பளை சேலையெல்லாம் ஒனக்கு எப்புடியா தெரியும்?"

"தேருக்கு முன்னால சபை நடக்குது, சபைக்குப் பின்னால நான் நடக்குறேன். நாப்பது வருசமா வேற என்னத்தப் பாக்குறது?"

"நான் கட்டுன சேலை ஒண்ணு சொல்லு பாப்போம்."

எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரல தம்பி. அதுக்கு இன்னொரு சிரிப்பு. ஆனா அவ அன்னைக்குச் சிரிச்சா. விழுந்ததுக்கப்புறம் அதுதான் மொதச் சிரிப்பு.

அந்தப் போர்வையில ஒரு ஓரத்து மூலையில ஒரு நீலத் துண்டு. கரையில லேசா சரிகை. அதுல பேரும் இல்ல, சிலுவையும் இல்ல. எங்கயோ பாத்த சேலைதான், யாருதுன்னு மட்டும் எனக்குப் பிடிபடல. யாரோ தைக்க மறந்துட்டாங்கன்னு விட்டுட்டோம்.

அன்னைக்கு ராத்திரி அவளுக்குப் போத்தி விட்டப்ப அந்த நீலம் கால்மாட்டுல வந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம், பேரு இல்லாதது கால்பக்கம் கெடக்கட்டும், பேரெல்லாம் மேல வரட்டும்னு நானாத்தான் போட்டேன். விடிஞ்சு பாத்தா நீலம் அவ தாடைக்குக் கீழ இருக்கு. போர்வை தலைகீழாத் திரும்பிருச்சு.

"நீ திருப்புனியா லூர்து?"

"நானா? தண்ணிச் சொம்பையே ஒன்னை எடுக்கச் சொல்றேன், இந்தக் கனத்தை நான் திருப்புவேனா?"

சரி, தூக்கக் கலக்கத்துல நான்தான் ஏதோ பண்ணிருப்பேன்னு நெனச்சேன். ஆனா மனசு கேக்கல. நான் பிடிவாதக்காரன். அடுத்த ராத்திரி மறுபடி நீலத்தைக் கால்மாட்டுல போட்டு, அந்த மூலையக் கட்டில் காலோட சேத்துக் கட்டுனேன். டிரம் கயிறு வீட்டுல கெடந்துச்சு, அதை வச்சு.

இங்க ஒண்ணு சொல்லணும், இது முக்கியம். நான் போடுற முடிச்சு எல்லாரும் போடுற முடிச்சு இல்ல. தேர் போயிக்கிட்டு இருக்கும்போது டிரம் கயிறு அந்துச்சுன்னா அடிய நிறுத்த முடியாது. வலது கை அடிச்சுக்கிட்டே இருக்கணும், இடது கை ஒண்ணாலயே கயித்த முடிச்சுப் போடணும். அதுக்குன்னு ஒரு முடிச்சு இருக்கு. எங்க பேண்டு வாத்தியார் எனக்குச் சொல்லிக் குடுத்தது. அவரு செட்டுல வேற ஒருத்தருக்கும் அது கைவரல, அவரும் போய்ச் சேந்துட்டாரு. கத்துக்குடுக்கையில அவருக்கு எதிர்ல நின்னேன்னு தலையில ஒரு குட்டு வச்சாரு. "எதிர்ல நின்னு பாக்காதடா, கை மாறி வந்துரும். பக்கத்துல வந்து நின்னு பாரு"ன்னாரு. முடிச்சோட வால் எந்தப் பக்கம் தொங்குதுன்னு பாத்தாலே எந்தக் கையால போட்டதுன்னு சொல்லிறலாம். எனக்கு இடது கையால மட்டுந்தான் வரும்.

விடிஞ்சுச்சு. கட்டில் காலைப் பாத்தேன். கயிறு இருக்கு. முடிச்சு இருக்கு, என் முடிச்சுதான், வால் இடது பக்கம். ஆனா அதுக்குள்ள கட்டியிருக்கது ரோசாலியோட மஞ்சக் கட்டம். நீலம் லூர்து கன்னத்துல கெடக்கு, அவ அதுமேல கன்னத்த வச்சுப் புள்ள மாதிரி தூங்குறா.

பயம்னு சொல்ல மாட்டேன் தம்பி. கயித்த அவுத்து எடுத்து வச்சுட்டேன். அதுக்கப்புறம் நான் மல்லுக்கு நிக்கல. அன்னையிலருந்து நீலத்தைத் தலைமாட்டுலயே போட்டேன், அதுவும் அங்கயே கெடந்துச்சு. லூர்துக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு. ஆனா காலை மட்டும் கீழ வைக்கல. ராத்திரியில இருமல் வேற லேசாத் தொடங்கிருச்சு. டாக்டரம்மா சொன்னது காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

ஐப்பசி மழை புடிச்சுக்கிச்சு. ஒருநா சாயங்காலம் டீச்சரும் அது மருமக சின்னராணியும் கொடையப் புடிச்சுக்கிட்டுக் கஞ்சி கொண்டாந்தாங்க. சின்னராணி கீரமங்கலம் பக்கத்துப் பொண்ணு, புதுசாக் கட்டிக்கிட்டு வந்தது. பேச்சுவாக்குல லூர்து கேட்டா, "ஏன் டீச்சர், இந்த நீலம் யாருது? பேரே இல்லையே?"

டீச்சர் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்துச்சு. "எனக்கும் தெரியலையே. ஏய் ராணி, நீதானடி கடைசியில ஒட்டுன?"

"ஒரு கட்டம் கொறஞ்சுச்சு அத்தை. மூலையில ஓட்டையா நின்னுச்சு. அதான் பொட்டியில இருந்த பழைய நீலச் சேலையில கொஞ்சம் வெட்டிக்கிட்டேன்."

"எந்தப் பொட்டி?"

"கோயில் பீடத்துக்குப் பின்னால இருக்குமே."

டீச்சர் கையில இருந்த கரண்டி கஞ்சிக்குள்ள விழுந்துருச்சு. எனக்கும் அப்பத்தான் பொறி தட்டுச்சு. எங்க பாத்தேன்னு தவிச்சேன்ல, பொம்பளைக மேல தேடுனா எப்புடிக் கெடைக்கும்? தேர் மேலல்ல பாத்திருக்கேன். மாதாவுக்குச் சாத்துன சேலை தம்பி அது.

"அடிப் பாவி, அம்மா சேலையில கத்திரி வச்சியா?"

அந்தப் பொண்ணு அழுக ஆரம்பிச்சுருச்சு. "எங்க ஊர்ல திருநா முடிஞ்சா அப்புடித்தான் அத்தை வெட்டுவாங்க. வீட்டுக்கு ஒரு துண்டு குடுப்பாங்க, பிள்ளைக கையில கட்டுவோம். இங்க வெட்டக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

எங்க ஊர்ல அப்புடி இல்ல. மாதா கட்டுன சேலையில கத்திரி படக்கூடாது. பிள்ளைத்தாச்சிக்கோ சீக்காளிக்கோ முழுச் சேலையாப் போத்திட்டு, அலசித் திருப்பிப் பொட்டியில வைக்கிறதுதான் வழக்கம். அந்தப் பொண்ணுக்கு எப்புடித் தெரியும்? ஊருக்கு ஊரு மாறுது.

லூர்து மூஞ்சி வெளுத்துப் போச்சு. "மொத ராத்திரி கால்மாட்டுலயா போட்ட?"ன்னு எங்கிட்டக் கேட்டா. நான் ஆறுதலுக்குன்னு போர்வை திரும்புனது, முடிச்சு மாறுனது எல்லாத்தையும் சொன்னேன். சொல்லாம இருந்திருக்கலாம். டீச்சரும் மருமகளும் சிலுவை போட்டுக்கிட்டாங்க. லூர்து ஓன்னு அழுதுட்டா. "அவுக சேலைய நான் காலால மிதிச்சிருக்கேன், அதான் எங்காலு விளங்கல. இதைப் பிரிச்சுக் கொண்டுபோயி வச்சிருங்க"ன்னா. சனிக்கெழமை பங்குச் சாமியார் வாராரு, கேட்டுட்டுச் செய்வோம்னு டீச்சர் சொல்லிட்டுப் போச்சு.

லூர்து சாப்புடறத விட்டுட்டா. கஞ்சிய வாய்கிட்டக் கொண்டுபோனா ஒதட்டை இறுக்கிக்கிறா. இருமல் கூடுது. மறுநா மத்தியானம் எனக்குப் பொறுக்கல. சாமியார் வாரப்ப வரட்டும், இப்பவே டீச்சரக் கூட்டியாந்து பிரிக்கச் சொல்றேன்னு கெளம்பிட்டேன். வெளிய நல்ல மழை, அவளுக்குக் குளிருல ஒடம்பு தூக்கிப் போடுது. வேற கம்பளி இருந்துச்சு, அவளுக்கு அது கடிக்கும். அந்தப் போர்வையையே போத்தி, நீலத்தை அவ தலைக்கு மேல, ஒடம்புல படாம, கட்டிலோட தலைமாட்டுக் காலுல சேத்துக் கட்டுனேன். அதே கயிறு, அதே முடிச்சு. பாத்துப் பாத்துக் கட்டுனேன். கதவைச் சாத்தி வெளிக் கொண்டியப் போட்டேன், இல்லைன்னா ஆடு முட்டித் தெறந்துக்கிட்டு உள்ள போயிரும்.

டீச்சர் வீடு ரெண்டு தெரு தள்ளி. டீச்சர் கத்திரியும் ஊசியும் எடுத்துச்சு, சின்னராணியும் கூட வந்துச்சு. போன வேகத்துலயே திரும்பி வந்துட்டோம். கொண்டி போட்ட மாதிரியே இருந்துச்சு. டீச்சர்தான் தெறந்துச்சு, வேணும்னா போயிக் கேளுங்க, இருக்கு.

தெறந்தா லூர்து நிக்குறா.

கட்டிலுக்குக் கால்மாட்டுப் பக்கம், ஒரு கை வாக்கருல, அதுல என் துண்டு தொங்குது, இன்னொரு கை போர்வையப் புடிச்சு இழுக்குது. எங்களப் பாத்ததும் ஆரம்பிச்சுட்டா.

"ஏன்யா, ஒனக்குப் புத்தின்னு ஒண்ணு இருக்கா? அம்புட்டு அழுது சொல்லியும் அம்மா சேலையக் கொண்டாந்து எங்காலுலயே கட்டிட்டுப் போயிருக்கியே! முழிச்சுப் பாத்தா காலுக்கடியில கெடக்கு. எம்புட்டுக் கத்துனேன், ஒருத்தராச்சும் வந்தீங்களா? இழுத்தா வரமாட்டேங்குது, என்னா முடிச்சுயா போட்ட நீ?"

டீச்சர் வாயப் பொத்திக்கிட்டு நிக்குது.

"லூர்து"ன்னேன்.

"என்னா லூர்து?"

"நீ நிக்குற."

அப்பத்தான் தம்பி, அவ குனிஞ்சு தன் காலைப் பாத்தா. பாத்துட்டு எங்களப் பாத்தா. மறுபடி காலைப் பாத்தா. "ஆமா"ன்னா. சின்னராணி ஓடிப்போயி இடுப்பைப் புடிச்சுக்கிச்சு. உக்காருங்க அம்மாச்சின்னா, "இரு இரு, கொஞ்ச நேரம் நின்னுக்கிறேன்"ங்குறா. அன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு தட்டுக் கஞ்சி குடிச்சா. நானும் குடிச்சேன். டீச்சர் கொண்டுவந்த கத்திரி எங்க வீட்டுலயே மறந்துபோயிக் கெடந்துச்சு.

சாமியார் வந்து கேட்டுட்டுச் சிரிச்சாரு. பிரிக்கவேண்டாம், இருக்கட்டும்னுட்டாரு. சின்னராணியத்தான் இப்ப ஊருல எல்லாரும் கைராசிக்காரின்னு கூப்புடுறாங்க. லூர்து இப்பக் கம்பு ஊணிக்கிட்டுக் கோயிலுக்குத் தானே போயிட்டு வாரா. இப்பக்கூட அங்கதான் போயிருக்கா. போர்வை கட்டில்ல கெடக்கு, நீலம் தலைமாட்டுல. அதுக்கப்புறம் ஒருநாளும் அசையல.

நீங்க என்ன நெனக்கிறீங்கன்னு தெரியுது. கெழவனுக்கு மறதி, அவசரத்துல கால்மாட்டுலயே கட்டிட்டுப் போயிட்டான், அப்புடித்தானே? நானும் அப்புடித்தான் நெனைக்கப் பாத்தேன். அதுல ஒரு நிம்மதி இருக்கு பாருங்க. ஆனா அன்னைக்குக் கால்மாட்டுல குனிஞ்சு அந்த முடிச்சைப் பாத்தேன். என் முடிச்சுதான், அதே சுத்து, அதே இறுக்கம். வால் மட்டும் வலது பக்கம். அவுக்க மனசு வரல. ரெண்டு பக்கமும் கயித்தை அறுத்து முடிச்ச மட்டும் எடுத்து வச்சுக்கிட்டேன். இந்தா, பாருங்க. புடிச்சுப் பாருங்க, ஒண்ணும் செய்யாது. லூர்துகிட்டக்கூட இதை நான் சொன்னதில்ல.

வலது கையால போட்டுப் பாக்குறேன் தம்பி, அன்னையிலருந்து. வரவே மாட்டேங்குது.

தேர் ஒவ்வொரு தெருமொனையிலும் திரும்பும்போது, நாங்க பேண்டுக்காரவுக தேரைப் பாத்துத் திரும்பி நின்னு ஒரு பாட்டு அடிப்போம். பாதி நாள் எனக்குக் கயிறு அந்து போறதே அந்த எடத்துலதான். அந்துச்சுன்னா அங்கயே நின்னு, தேருக்கு எதிர்லயே, மாதா கண்ணு முன்னாடி, ஒத்தைக் கையால முடிச்சுப் போடுவேன். நாப்பது வருசமா. போன திருநாளுக்கு நான் அடிக்கப் போகல, சும்மா கூட்டத்தோட நின்னேன். தேரு எங்கிட்டக்க வந்து நின்னுச்சு. மேல மாதாவப் பாத்தேன்.

கொழந்தை இடது கையில இருக்கு. வலது கை சும்மா இருக்கு.